மற்றப் பக்கத்தையும் எடுக்கச் சொன்னன்

1

இடது பக்க மார்பை எடுத்து ஒரு வருசம் முடிஞ்சுது. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வருசப் பரிசோதனை, காலமை ஒன்பதரை, ஹெல்த் கார்ட் கொண்டு வரவும்.

நான் ரொறன்ரோவில் ரெக்ஸ்டேல் பக்கம் இருக்கிறன். விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குற இடத்தில் வேலை. ஒரு தட்டில் பாண், பட்டர், கரண்டி, கை துடைக்கிற பேப்பர். இருபத்திரண்டு வருசமா அதுதான். எழுதிப் பழக்கமில்லை. ஊரில் பத்தாம் வகுப்போடை படிப்பு நிண்டிட்டுது. ஆனால் இதை அங்கை இருக்கிற ஆக்கள் வாசிக்க வேணும். பேப்பர் போட்டுப் பிள்ளையளைக் கனடாவுக்கு அனுப்பின குடும்பங்கள் முக்கியமா வாசிக்க வேணும்.

என்ரை பேரைப் போடேல்லை. போட்டால் எந்தப் பேரைப் போடுறது எண்டதும் ஒரு பிரச்சினை.

அண்டைக்கு மகள் அபிராதான் கூட்டிக்கொண்டு போனவள். இருபத்தேழு வயசு. டவுன்ரவுனில் சிநேகிதியோடை இருக்கிறாள். ஆஸ்பத்திரி எண்டால் மட்டும் வருவாள். கார் ஓடுவாள், டொக்டர் சொல்லுறதை எனக்குத் தமிழில் சொல்லுவாள், சாப்பிடாமல் போயிடுவாள்.

டொக்டர் கட்டையாத் தலைமயிர் வெட்டின பொம்பிளை. கையை உரஞ்சிச் சூடாக்கிப் போட்டுத்தான் தொடுவா. தடவிப் பாத்தா. படத்தைப் பாத்தா. எல்லாம் நல்லா இருக்கு எண்டா.

நான் அபிராவுக்குச் சொன்னன், "மற்றப் பக்கத்தையும் எடுக்கச் சொல்லு."

"என்னது?"

"மற்றதையும் எடுக்கச் சொல்லு."

"அம்மா, அதிலை ஒண்டும் இல்லை. இப்பத்தானே சொன்னவா."

"நீ சொல்லு."

சொன்னாள். டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்தா. கோவிக்கேல்லை. கன பேர் இப்பிடிக் கேக்கிறவையாம். ஒரு பக்கம் வந்தால் மற்றப் பக்கமும் வரும் எண்டில்லையாம். பெரும்பாலான ஆக்களுக்கு வாறேல்லையாம். நான் தினமும் போடுற குளிசை மற்றப் பக்கத்துக்கும் சேத்துத்தானாம் காவல். நல்லா இருக்கிற பக்கத்தை வெட்டி எடுத்தால் கூடக் காலம் இருப்பன் எண்டும் இல்லையாம். முதல் வந்தது உடம்பில் வேறை எங்கையும் போகுதோ எண்டதுதான் பெரிய விசயம், அதை மற்றப் பக்கத்தை எடுத்து மறிக்கேலாது எண்டா. ஒப்பரேஷன் சின்ன வேலையும் இல்லை, காயம் ஆறாமல் இழுபடலாம், நோவு நிண்டிடலாம் எண்டா.

"குடும்பத்திலை ஆருக்கும் இருந்திருந்தால் கதை வேறை" எண்டு அபிரா மொழிபெயர்த்தாள்.

டொக்டர் கொம்பியூட்டரை என்ரை பக்கம் திருப்பினா. விரலால் காட்டிக் காட்டி வாசிச்சா. அம்மா, எண்பத்தொரு வயசு, ஸ்ட்ரோக். அம்மாவுக்குச் சகோதரியள் இல்லை. கூடப்பிறந்த சகோதரம் ஒரு அண்ணை, சுகதேகி. குடும்பத்தில் கான்சர் ஒருத்தருக்கும் இல்லை.

நான் அந்த எழுத்துகளைப் பாத்துக்கொண்டிருந்தன். இது ஆற்றை அம்மா எண்டு நினைச்சன். உண்மையா அப்பிடித்தான் நினைச்சன். வேறை ஆற்றையோ ஃபைலை மாறித் திறந்துபோட்டா எண்டு.

பிறகுதான் விளங்கிச்சுது. எண்பத்தொரு வயசில் ஸ்ட்ரோக்கில் செத்தது என்ரை மாமி. என்னைப் பெத்தவ முப்பத்தெட்டு வயசில் செத்தவ. இந்த வருத்தத்தில்தான். ரெண்டு பக்கமும்.

ஃபைலில் இருக்கிற பதிலைக் குடுத்தது நான்.

"அம்மா, ஓகேயோ? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு" எண்டாள் அபிரா.

"ஓம்" எண்டன். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திட்டன்.

2

மாமி எண்டது அப்பான்ரை தங்கச்சி. மாமா, மாமி, அவையின்ரை மகன் பாஸ்கரன் மச்சான், மூண்டு பேரும் எனக்கு முதல் கனடா வந்தவை. அகதி எண்டு பதிஞ்சு, கேஸ் சரிவந்தாப் பிறகு, ஊரில் எங்களுக்கு ஒரு மகள் நிக்கிறாள், அவளைக் கூப்பிட வேணும் எண்டு பேப்பர் போட்டினம்.

மகள் ஒண்டு பிறந்தது உண்மைதான். அந்தப் பிள்ளை பதின்னாலு மாதத்தில் காய்ச்சலில் செத்துப்போச்சுது. பிறப்புச் சேர்ட்டிபிக்கற் இருந்தது. இறப்புச் சேர்ட்டிபிக்கற் ஒருத்தரும் எடுக்கேல்லை. அதுக்கும் எனக்கும் ஏழு மாதம்தான் வித்தியாசம். அந்தப் பிள்ளையின்ரை பேரில் நான் வந்தன்.

அந்த நேரம் ஊரில் சண்டை, பத்தொன்பது வயசுப் பெட்டையை வீட்டில் வைச்சிருக்க அப்பாவுக்குப் பயம். இப்பிடி வந்தது நான் மட்டும் இல்லை. சரி பிழை கதைக்க நான் வரேல்லை.

கொழும்பில் இன்டர்வியூவுக்கு நிக்கேக்கை மாமி லொட்ஜுக்குப் போன் எடுத்தவ.

"ஒஃபிஸ் எண்டால் நான்தான் அம்மா. நித்திரையாலை எழுப்பிக் கேட்டாலும் நான்தான் அம்மா. விளங்கிச்சோ?"

"ஓம் மாமி."

"பாத்தியோ. திருப்பிச் சொல்லு."

"ஓம் அம்மா."

"இன்னொருக்காச் சொல்லு."

இருபது தரமாவது சொன்னன். லொட்ஜ்காரர் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவர். தாயோடை நல்ல பாசமான பிள்ளை எண்டு நினைச்சிருப்பார்.

லோயரின்ரை ஒஃபிஸில் மொழிபெயர்க்கிற அண்ணை ஒருத்தரும் அதையேதான் சொன்னவர். கேஸில் ஒருக்காச் சொன்னதை மாத்தக் கூடாது. ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது. மாத்தினால் எல்லாரும் பிடிபடுவியள்.

நான் மாத்தேல்லை. இங்கிலிஷ் வகுப்புக்குப் பதியேக்கை மாமி அம்மா. லைசென்சுக்கு, கலியாணத்துக்கு, சிட்டிசன்ஷிப்புக்கு மாமி அம்மா. அபிரா பிறந்த ஆஸ்பத்திரியில் மாமி அம்மா. மச்சான் அண்ணை ஆனார். அபிரா அவரை மாமா எண்டும் மாமியை அம்மம்மா எண்டும் கூப்பிட்டு வளந்தாள். மாமியும் ஒரு குறை வைக்கேல்லை. என்ரை பிள்ளைப்பெறுவுக்குச் சரக்கு அரைச்சது அவதான். ஆறு வருசத்துக்கு முதல் அவ செத்தபோது மகளுக்குரிய இடத்தில் நிண்டு அழுதன். அது நடிப்பில்லை.

போன வருசம் கட்டி எண்டு கண்டுபிடிச்ச கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு ஃபோர்ம் தந்தவை. அபிரா மடியில் வைச்சு நிரப்பினாள்.

"அம்மம்மாவுக்கு ஸ்ட்ரோக்தானே?"

"ஓம்."

"எண்பத்தொண்டு?"

"ஓம்."

பொய் சொல்ல வேணும் எண்டு நான் நினைக்கேல்லை. மறைக்கவும் நினைக்கேல்லை. பெத்த அம்மா அந்த நேரம் எனக்கு நினைவிலேயே வரேல்லை. ஒஃபிஸ், பேனை, ஃபோர்ம், அம்மா எண்டு ஒரு கேள்வி. வாய் தன்ரை பாட்டில் மாமியைச் சொல்லிச்சுது.

வீட்டுக்கு வந்து படுத்தால் பெத்த அம்மாவைத்தான் நினைப்பன். அதுக்கும் இதுக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி நிண்டிருக்குது. அப்பிடி ஒண்டு நிக்குது எண்டு எனக்கு ஒரு வருசம் தெரியேல்லை.

3

அம்மாவுக்கும் இடதுதான் முதல். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எடுத்தவை. எனக்கு அப்ப பத்து வயசு. வெட்டிப்போட்டு வந்தா. மூண்டு மாதத்தில் கிணத்தில் தண்ணி அள்ளினா. எல்லாருக்கும் சந்தோசம். அப்பா கோயிலில் பொங்கிப் படைச்சார். வந்தது போயிட்டுது எண்டு ஊர் முழுக்கச் சொன்னார்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒருநாள் அம்மான்ரை உடுப்புத் தோய்ச்சது நான். சட்டையில் வலது பக்கம் காசு அளவு கறை. மஞ்சளும் சிவப்புமா. மணத்துப் பாத்தன். அம்மாவிட்டைக் காட்டினன்.

"அப்பாவுக்குச் சொல்லாதை" எண்டா. சட்டையை வாங்கித் தானே தோய்ச்சா.

நான் சொல்லேல்லை. பிறகு எல்லாருக்கும் தெரிய வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒண்டும் செய்யேலாமல் போச்சுது.

அவ்வளவுதான். இதுக்குமேல் எழுத எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் எடுத்தால் அடுத்த பக்கம் வரும் எண்டு நான் ஏன் உறுதியா நம்பினன் எண்டு டொக்டர் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் அபிராவுக்கு முன்னால் சொல்லியிருக்க மாட்டன்.

4

மனுசனுக்கு எல்லாம் தெரியும். கலியாணம் பேசேக்கையே மாமி சொல்லித்தான் கட்டிவைச்சவ. பேர் யோகன். எயார்போட்டில் டாக்சி ஓடுறார். மச்சான் முறைக்காரன் அண்ணை ஆனதால்தான் தனக்குப் பெட்டை கிடைச்சது எண்டு இப்பவும் பகிடி விடுவார்.

நான் நடந்ததைச் சொன்னன்.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லுவம்" எண்டார்.

"பாஸ்கரன் அண்ணையிட்டை ஒரு வார்த்தை கேக்க வேணும். பேப்பரிலை அவரும் இருக்கிறார். கையெழுத்து வைச்சது அவரின்ரை அப்பா, எங்கடை மாமா."

"அவன் என்ன சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியும். முதல் ரீ குடிக்கச் சொல்லுவான். பிறகு வாயை மூடச் சொல்லுவான்."

ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பாக்க மார்க்கம் எண்ட இடத்துக்குப் போனம். மச்சானுக்கு அங்கை தனிவீடு, ரெண்டு கார், முன்னுக்குப் புல்லு. கதவைத் திறந்தார். இருங்கோ, ரீ குடியுங்கோவன் எண்டார். யோகன் என்னைப் பாத்தார்.

சொன்னன். மச்சான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார்.

"மெல்லக் கதை."

"பக்கத்து வீட்டுச் சீனாக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் வடிவாக் கதைக்கலாம்" எண்டார் யோகன்.

"உமக்குப் பகிடி. எங்களுக்குச் சீவியம். ஹெல்த் கார்ட் தந்ததும் கவர்மென்ட், பாஸ்போர்ட் தந்ததும் கவர்மென்ட். ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டரிலை ஏறினது பிறகு எங்கை எங்கை போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? எத்தினை வருசம் கழிச்செண்டாலும் சிட்டிசன்ஷிப்பைப் பறிக்கலாமாம்."

"எனக்குக் கட்டி வந்தது, மச்சான்."

முப்பது வருசத்துக்கு மேலை நான் அவரை அப்பிடிக் கூப்பிடேல்லை. அவர் ஒருக்கா நிமிந்து பாத்தார்.

"டொக்டர் வேண்டாம் எண்டால் விடன். இல்லாட்டி மெட்ராஸிலை போய் எடுத்துப்போட்டு வா. அங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"அபிரா?"

"அவளுக்கு என்ன?"

"என்ரை ரத்தம்தானே அவளுக்கும். அவளின்ரை ஃபைலிலையும் அம்மம்மாவுக்கு ஸ்ட்ரோக் எண்டுதான் கிடக்கும்."

ரீ ஆறிப்போச்சுது. மச்சான் கோப்பையை நகத்தி நகத்தி வைச்சார்.

"அம்மா உன்னைத் தன்ரை பிள்ளையாத்தானே வைச்சிருந்தவ."

"ஓம். வைச்சிருந்தவ. பெறேல்லை."

அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது எண்டு பிறகு யோசிச்சன். அவருக்குக் கண் கலங்கிப்போச்சுது. அவருக்கு அவ தாய்.

போகேக்கை வாசல்வரை வந்தார். "செய்யிறது எண்டால் செய். எனக்குச் சொல்லாதை. சொல்லாட்டி எனக்குத் தெரியாது" எண்டார்.

காரில் யோகன் சொன்னார், "ஓம் எண்டு சொல்லுறதுக்கு அவனுக்குத் தெரிஞ்ச வழி அதுதான்."

5

திங்கக்கிழமை வேலையில் இடைவேளை நேரம் வெளியில் நிண்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சன். என்ரை இங்கிலிஷில், போன வருசம் நான் பிழையான பதில் தந்திட்டன் எண்டு சொன்னன். என்ன பதில் எண்டு நேர்ஸ் கேட்டா. அம்மா எண்டன். அவவுக்கு விளங்கேல்லை. போனில் சொல்ல ஏலாது எண்டன். பரம்பரை வருத்தங்களைப் பற்றிக் கதைக்கிற ஆளிட்டை நாள் எடுத்துத் தந்தா. மொழிபெயர்க்க ஆள் வேணுமோ எண்டு கேட்டா. வேணும், மகள் வேண்டாம் எண்டன்.

கதைக்கிற ஆள் ஒரு சின்னப் பிள்ளை. அபிராவின்ரை வயசு இருக்கும். மேசையில் போனை வைச்சு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாள். எங்கடை ஆக்கள் ஆரும் வந்தால் குரலிலை பிடிச்சிடுவினம். நாளைக்கு எங்கடை சனம் இருக்கிற ஸ்காபரோ முழுக்கக் கதை போயிடும்.

போனில் ஒரு பொம்பிளை, "வணக்கம், சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்" எண்டா. இந்தியத் தமிழ். எங்கடை ஆள் இல்லை.

முதல் நான்தான் கேள்வி கேட்டன். இதை ஆர் ஆர் பாப்பினம்?

உங்களுக்கு வைத்தியம் செய்யிற ஆக்கள் எண்டாள் அந்தப் பிள்ளை. உங்கடை சம்மதம் இல்லாமல் நாங்கள் இதைத் தூக்கி வேறை ஒஃபிஸுக்குக் குடுக்கிறேல்லை. குடும்பக் கதையிலை சட்டம் பாக்கிறது எங்கடை வேலை இல்லை.

"ஏன்மா பயப்படறீங்கன்னு கேக்கறாங்க" எண்டா போனில் இருந்த பொம்பிளை.

"கடதாசியிலை இருக்கிற அம்மா வேறை. என்னைப் பெத்தவ வேறை" எண்டன்.

முப்பது வருசத்துக்கு மேலை வாயைக் கட்டி வைச்சிருந்த கதை. அந்தப் பிள்ளை எழும்பி நிப்பாள் எண்டு நினைச்சன். ஆரையும் கூப்பிடுவாள் எண்டு நினைச்சன். அவள் பேனையை எடுத்து மூடியைக் கழட்டினாள்.

"பரவாயில்லை. எனக்குப் பெத்தவவின்ரை விவரம் போதும். பேரும் வேண்டாம். வருத்தம் வந்த வயசு, செத்த வயசு."

நான் கதிரையில் அப்பிடியே இருந்தன். இவ்வளவுதானோ எண்டு. பேரும் வேண்டாமாம்.

ஒரு வட்டம் கீறினாள். முப்பத்துநாலில் இடது, முப்பத்தாறில் வலது, முப்பத்தெட்டில் முடிவு எண்டு சொல்லச் சொல்ல எழுதினாள். வட்டத்தைக் கறுப்பா நிரப்பினாள். குறுக்கால் ஒரு கோடு இழுத்தாள். செத்த ஆக்களுக்கு அப்பிடித்தானாம். அதுக்குக் கீழை இன்னொரு வட்டம், ஒரு பக்கம் மட்டும் வந்தபடியால் அரைவாசி கறுப்பு. அது நான். எனக்குக் கீழை ஒரு வட்டம் கீறி ஒண்டும் நிரப்பாமல் விட்டாள்.

"அது உங்க பொண்ணும்மா" எண்டா போன் பொம்பிளை. எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியாது.

முதலே இதைச் சொல்லியிருந்தால் போன வருசமே ரத்தம் எடுத்துப் பாத்திருப்பமாம். குற்றமாச் சொல்லேல்லை. அப்பிடிச் சொன்னதுதான் கூடச் சுட்டது. கையை நீட்டச் சொன்னாள். வலது கையில் எடுத்தினம். இடது கையில் ஊசி குத்தக் கூடாது, அந்தப் பக்கக் கமக்கட்டிலை இருந்த நெறிக்கட்டியளையும் முதல் ஒப்பரேஷனிலை எடுத்தபடியால்.

6

முடிவு வர ஒரு மாதம் எடுத்துது. இருக்கு எண்டு வந்தது. தாயிட்டை இருந்து பிள்ளைக்குப் போற பிழை ஒண்டு.

யோகனும் நானும் போனம். அதே டொக்டர். அதே போனில் வேறை ஒரு மொழிபெயர்ப்பாளர். எனக்கு இது வரும் எண்டு தெரியும். எண்டாலும் தெரிஞ்சிருக்கிறது வேறை, ஒருத்தர் கடதாசியைப் பாத்து வாசிக்கிறது வேறை.

டொக்டர் சொன்னா, "போன தரம் நான் சொன்னது பிழை இல்லை. ஆனால் அது அந்தக் கடதாசியிலை இருந்த ஆளுக்குச் சொன்னது. உங்களுக்கு இல்லை."

இப்ப மற்றப் பக்கம் வாற வாய்ப்புக் கூடவாம். மூண்டு வழி சொன்னா. ஒண்டு, எடுக்காமல் காவல் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு மமோகிராம், ஒரு எம்.ஆர்.ஐ, ஆறு மாதத்துக்கு ஒண்டு எண்டு மாறி மாறி. ரெண்டு, குளிசையை நம்பி அதோடை காவலும் இருக்கிறது. மூண்டு, எடுக்கிறது. எடுத்தாலும் தோலுக்குக் கீழை கொஞ்சம் மிச்சம் நிக்கும், முழுக்க இல்லை எண்டு சொல்லேலாது, ஆனால் நல்லாக் குறையும். வேணுமெண்டால் பிறகு மார்பு மாதிரி உரு வைச்சுத் தைக்கலாம், வேண்டாட்டித் தட்டையா விடலாம். இந்தப் பிழையால் சூலகத்திலையும் கான்சர் வரலாமாம், அதையும் எடுக்கிறது நல்லதெண்டா, அது தனிக் கதை. ஒண்டுக்கும் அவசரம் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டா.

நான் யோசிச்சது அதை இல்லை.

"மகளுக்கு?" எண்டு கேட்டன்.

பாதிக்குப் பாதி. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் வந்து ரத்தம் குடுத்தால்தான் தெரியும்.

"நீங்கள் கூப்பிட்டுச் சொல்லுவியளோ?"

"இல்லை. அவள் வளந்த ஆள். நீங்கள்தான் சொல்ல வேணும்."

சனிக்கிழமை சப்வே எடுத்து அபிரா இருக்கிற இடத்துக்குப் போனன். தனியப் போனது அதுதான் முதல் தரம். இருபத்தோராம் மாடி. சிநேகிதி வெளியில் போயிட்டாள். அபிரா சப்பாத்தைக் கழட்ட வேண்டாம் எண்டாள். நான் கழட்டினன்.

சொன்னன். நான் சொல்லுற மாதிரித்தான் சொன்னன், நாலு வசனத்தில்.

"வெயிட்" எண்டாள். "வெயிட். அப்ப அம்மம்மா ஆர்?"

"என்ரை மாமி. என்ரை அப்பான்ரை தங்கச்சி."

"பாஸ்கரன் மாமா?"

"எனக்கு மச்சான்."

"கசின்?"

"ஓம்."

"உங்கடை பேர்?"

"அது அவையின்ரை செத்த பிள்ளையின்ரை."

சிரிச்சாள். அது சிரிப்பில்லை. எழும்பி யன்னலடிக்குப் போனாள், திரும்பி வந்தாள். இமிக்ரேஷனைப் பற்றிக் கோவிப்பாள் எண்டு நினைச்சுக்கொண்டு போனனான். பள்ளிக்கூடத்தில் சட்டம், நேர்மை எண்டு படிச்ச பிள்ளை. அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லேல்லை.

"அந்த ஃபோர்மை நான் நிரப்பினனான். என்ரை கையாலை ஸ்ட்ரோக் எண்டு எழுதினனான். நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நினைவு வரேல்லை."

"நினைவு வரேல்லையோ? உங்கடை அம்மாவையோ?"

அவள் திரும்பவும் யன்னலடிக்குப் போனாள்.

"எனக்கும் இருக்கலாம். அதுதானே சொல்ல வந்தனீங்கள்?"

"ஓம். பாதிக்குப் பாதி. நீ ரத்தம் குடுத்தால்..."

"அதை நான் முடிவெடுப்பன். எடுப்பன், எடுக்காமல் விடுவன். நீங்கள் கேக்கக் கூடாது. அப்பாவும் கேக்கக் கூடாது. ப்ளீஸ், இப்ப போங்கோ அம்மா."

சப்பாத்தைப் போட்டன். லிஃப்டில் இறங்கேக்கை ஒரு நாயோடை ஒருத்தர் வந்தவர். ஹாய் எண்டார். நானும் ஹாய் எண்டன்.

7

ஆறு கிழமை அவள் போன் எடுக்கேல்லை. நான் குறுஞ்செய்தி அனுப்பினால் ஓகே எண்டு வரும். சுகமோ, ஓகே. சாப்பிட்டியோ, ஓகே.

அந்தக் கிழமைகளில்தான் நான் என்ரை முடிவை எடுத்தன். அந்த எம்.ஆர்.ஐ மிஷினுக்குள்ளை படுத்து, பிறகு முடிவு சொல்லப் போன் அடிக்குதோ எண்டு பாத்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. வேறை பொம்பிளையள் அப்பிடி இருக்கினம், நல்லாயும் இருக்கினம். டொக்டரும் அது பிழையான வழி இல்லை எண்டவ. ஆனால் நான் அம்மான்ரை சட்டையில் அந்தக் கறையை மணத்துப் பாத்த ஆள். எடுங்கோ எண்டன். உரு வைக்க வேண்டாம், தட்டையா விடுங்கோ எண்டன்.

யோகனிட்டைக் கேட்டன். "இனி சீட் பெல்ட் நெஞ்சை இறுக்குது எண்டு எனக்குப் பேச்சு விழாது" எண்டார். எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டார். கனநேரம் தண்ணி ஓடுற சத்தம் கேட்டுது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். உங்கடை பிள்ளையள் இங்கை ஆற்றையோ பேரில், ஆற்றையோ பிள்ளையா வந்திருக்கலாம். அதை நான் கிண்டேல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மா எண்டு கேட்டால் பெத்தவவைச் சொல்லச் சொல்லுங்கோ. அவவுக்கு என்ன வருத்தம், எந்த வயசில் எண்டு அவைக்கு எழுதி அனுப்புங்கோ. வெக்கம் எண்டு விடாதேங்கோ. நாங்கள் இங்கை வாயைப் பழக்கி வைச்சிருக்கிறம். அது தன்ரை பாட்டில் பதில் சொல்லிப்போடும்.

ஒப்பரேஷன் நாள் காலமை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அபிரா நிண்டாள். ஒருத்தரும் கூப்பிடேல்லை. தகப்பனிட்டை என்ரை பையை வாங்கினாள். என்னோடை கதைக்கேல்லை. நேர்ஸ் கேட்ட கேள்வியளை மட்டும் தமிழில் சொன்னாள். அலர்ஜி இருக்கோ, கடைசியாச் சாப்பிட்டது எப்ப, பல்லுக் கட்டினதோ. டொக்டர் வந்து பேனையால் வலது பக்கம் கோடு கீறினா. அபிரா வேறை பக்கம் பாக்கேல்லை.

கண் முழிக்க வாய் காஞ்சுபோய்க் கிடந்தது. நெஞ்சில் பாரம் வைச்ச மாதிரி. யோகன் காலடியில் கதிரையில் நித்திரை. அபிரா தலைமாட்டில் நிண்டு ஐஸ் கட்டியை ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து வாயில் வைச்சாள். முழங்கை வரை சட்டையை மடிச்சு விட்டிருந்தாள்.

முழங்கை மடிப்பில் பஞ்சு. அதுக்கு மேலை ஒரு ரேப்.

நான் பாத்ததை அவள் கண்டாள். கையை மறைக்கேல்லை.

"போன கிழமை போய்க் கதைச்சனான்" எண்டாள். "அந்தப் படம் கீறுற ஆளோடை. ரத்தம் இண்டைக்குக் குடுக்கச் சொன்னவா. நீங்கள் உள்ளுக்கு இருக்கேக்கை கீழை போய்க் குடுத்திட்டு வந்தனான்."

கேக்கக் கூடாது எண்டவள். எண்டாலும் கேட்டன்.

"எப்ப தெரியும்?"

"ஒரு மாதம்."

"எனக்குச் சொல்லுவியோ?"

இன்னொரு ஐஸ் கட்டியை எடுத்தாள்.

"சொல்லுவன். எதெண்டாலும் அண்டைக்கே சொல்லுவன். நான் உங்களை மாதிரி இல்லை."

"ஓம்" எண்டன். வாயைத் திறந்தன். ஐஸ் கட்டியை வைச்சாள்.